குளத்து மீனும் கற்குழியும்

தூண்டிற்காரனைச் சோம்பேறி என்று சொல்வது உலக வழக்கு. காலையில் நீர்க்கரையில் அமர்ந்தவன் உச்சிப்பொழுது வரையும் அசையாதிருக்கக் கண்டால் வழிப்போக்கர் நகைப்பர். ஆயின் நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். காலமறிந்து காத்திருத்தலுக்கும், வாய்த்தபொழுது தவறாது செயலாற்றுதலுக்கும் வள்ளுவர் காட்டிய உவமை நீர்க்கரைக் கொக்கே. ஔவையாரும் அக்கொக்கையே காட்டினார். கொக்குக்குப் பொருந்தும் புகழ் கோல் பிடித்த சிறுவனுக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதே எமது வினா.

இரத்தினபுரிப் பகுதியிலே நீருக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் நாடு இது. சிவனொளிபாத மலைச்சாரலில் தோன்றும் களுகங்கை, நகரைத் தழுவிச் சென்று, 129 கிலோமீற்றர் நடந்து களுத்துறையிலே கடலுடன் கலக்கிறது. உடவளவை, சமனலவெவ முதலிய பெருநீர்த்தேக்கங்களும் மாவட்டத்தில் உண்டு. அவை வள்ளமும் வலையும் உடைய தொழிலாளர்க்கு உரியன. புதிதாகக் கற்கும் மாணவர்க்கு ஏற்றவை சிறு நீர்நிலைகளே: தேயிலைத் தோட்டத்திலும் இறப்பர்த் தோட்டத்திலும் அன்றாடத் தேவைக்காக அணைகட்டித் தேக்கிய சிறு குளங்கள், வயலோரத்து மடுக்கள், ஓடையின் வளைவிலே தேங்கிய நீர்கள். இவற்றைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம்.

எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பிலே ஓர் இருக்கை வெறுமையாயிற்று. அதில் அமர்ந்திருந்த பதினான்கு வயதுப் பிள்ளை, மீன் பிடிக்கவென்று கைவிடப்பட்ட கற்குழி ஒன்றுக்குப் போயிருந்தான். மறுநாள் ஆசிரியர் கூடியபோது, “இனி எந்தப் பிள்ளையும் தூண்டிலைத் தொடக்கூடாது என்று அறிவித்துவிடுவோம்” என்றார் ஒருவர். நாம் உடன்படவில்லை. மலைநாட்டுப் பிள்ளையை நீரிலிருந்து விலக்கிவைத்தல் இயலாது. தடுத்தால் அவன் ஒளித்துப் போவான். ஒளித்துப் போகிறவன் தனித்துப் போவான். ஆதலால், கற்பித்து அனுப்புவதே முறை என்றோம். அன்று முதல், மாதத்தில் ஒரு ஞாயிறு, தோட்டத்துரையின் அனுமதி பெற்று, பெற்றோர் சிலரையும் துணைக்கழைத்து, மாணவரைக் குளக்கரைக்குக் கூட்டிச் செல்கின்றோம்.

முதற் பாடம் நீரைத் தேர்தல். இரத்தினக்கல் அகழும் குழி, கிணறு போலச் செங்குத்தாக இறங்குவது. ‘இல்லம்’ என்னும் கற்படை அகப்படும்வரை மண்ணைத் தோண்டிச் செல்வர். பக்கங்களை மரங்கொடுத்துத் தாங்குவர். வேலை முடிந்தபின் குழியை நிரப்புதல் வேண்டும் என்பது விதி. நிரப்பாது விட்ட குழிகளோ எங்கும் உள. தாங்கிய மரம் உக்கிப்போக, விளிம்பு உள்ளே குடைந்து, மேலே புல் மட்டும் நிற்கும். குளத்திலே காலடியில் ஆழம் மெல்ல மெல்ல வளரும். கற்குழியிலே முதலடியே ஆழம். போதாக்குறைக்கு, 1939ஆம் ஆண்டில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் நீர்ப்பூண்டு படர்ந்துவிட்டால், நீரும் புற்றரையும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே, கற்குழியில் எத்துணைப் பெரிய மீன் துள்ளினும் அது நமக்குரியதன்று. இதனை மாணவர் நெஞ்சிலே எழுதிக்கொள்க. தனித்துப் போகற்க. கரையிலே நீண்டதொரு கயிறும், மூடியிறுகிய வெற்றுப் பிளாஸ்ரிக் கலன் ஒன்றும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். ஒருவன் தவறி விழுந்தால் மற்றவன் குதிக்கலாகாது; கயிற்றில் கட்டிய கலனை எறிதல் வேண்டும்; உரத்துக் கூவிப் பெரியோரை அழைத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி ஆம்புலன்ஸ் வண்டி வரும் என்பதையும் சிறுவர் அறிந்திருத்தல் நன்று.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். கடையில் விற்கும் சுழற்கோல் தொடக்கத்தில் வேண்டுவதில்லை. எட்டு அல்லது பத்தடி நீளமுள்ள மெல்லிய மூங்கிற் கழியை வெட்டி, நிழலிலே சில வாரம் உலர்த்தினால் போதும். வெயிலில் உலர்த்திய கழி வெடிக்கும். நுனி வளைந்து கொடுக்கவேண்டும். அவ்வளைவே மீனின் இழுப்பைத் தாங்குவது. தங்கூசி நூலைக் கழியின் நுனியிலே முடிந்து, கழியின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக விடுக. முள்ளைப் பொறுத்தவரை ஒரு செய்தி: இலக்கம் பெருகப் பெருக முள் சிறுக்கும். கெண்டைக்கும் சிறு திலாப்பியாவுக்கும் 12ஆம் இலக்கம் ஏற்றது. விராலுக்கு 4 அல்லது 6. பழகாதவர் பெரும்பாலும் பெரிய முள்ளையே நாடுவர். சிறுவாய் மீன் இரையை மட்டும் கொத்திக்கொண்டு போய்விடும். மிதவைக்குப் போத்தல் தக்கையின் ஒரு துண்டோ மயிலிறகின் தண்டோ போதுமானது. நூலிலே ஈயத்தை அளவாகக் கட்டி, மிதவையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியுமாறு செய்க. மிதவை பெரிதாய் நின்றால் மீன் அதன் கனத்தை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும்.

இரையிலே முதன்மை மண்புழுவுக்கே. வாழையடியிலும், எருக்குழியின் ஓரத்திலும், அடுக்களைக் கழிவுநீர் ஓடும் வாய்க்காலருகிலும் அது அகப்படும். ஈரமண்ணும் இலைச்சருகும் இட்ட தகரத்தில் வைத்து, மூடியிலே துளையிடுக. புழு கிடையாத நாளில் கோதுமைமாவைச் சிறிது நீர்விட்டு இறுகப் பிசைந்து, கடலையளவு உருட்டி முள்ளிலே பொதியலாம். உட்காரும் இடத்துக்கு முன்னே ஒரு பிடி தவிட்டை ஈரமாக்கி எறிந்தால் மீன்கள் கூடும். ஒரு பிடி என்பது ஒரு பிடியே. வயிறு நிறைந்த மீன் தூண்டிலைத் திரும்பியும் பாராது.

மீன் எங்கே, எப்பொழுது இருக்கும் என்பதற்கு விடை நீரின் இயல்பிலே உள்ளது. உச்சிவெயிலில் மேல்நீர் சூடேற, மீன்கள் நிழலுக்கும் ஆழத்துக்கும் ஒதுங்கும். காலையும் மாலையும் கரையோரம் மேய வரும். ஆயின் நீர்ப்பூண்டு செறிந்த தேங்குநீரிலே விடிவதற்குச் சற்று முன் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். பகலிலே வெளிச்சத்தில் அதனைத் தந்த பூண்டுகளே இரவெல்லாம் அதனை உட்கொள்வதுதான் காரணம். அவ்வேளையில் மீன் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும், இரை தேடாது. ஆகையால் இருள் விலகுமுன் ஓடவேண்டியதில்லை. வெயில் சற்று ஏறியபின் போதலே நலம். சிறு மழை பெய்து ஓய்ந்தபின், வாய்க்கால் நீர் குளத்தில் விழும் இடம் மிக நல்ல இடம். ஓடுநீர் பூச்சியையும் புழுவையும் கொணரும். பெருமழை நாளிலோ வீட்டிலிருத்தலே அறிவு. 2003இலும் 2017இலும் மே மாத வெள்ளம் இம்மாவட்டத்தை என்ன செய்தது என்பதை எவரும் மறந்திரார்.

கரையிலே ஓசையடங்கி இருக்கவேண்டும் என்பதற்கும் காரணமுண்டு. மீனின் உடலிலே தலைமுதல் வால்வரை ஓடும் பக்கக்கோடு, நீரின் சிறு அதிர்வையும் உணரும் புலனாகும். நாம் பேசும் பேச்சு அதனை அவ்வளவாக அச்சுறுத்தாது. தடதடவென்று வைக்கும் காலடியே அச்சுறுத்தும். நிழலும் அவ்வாறே. ஞாயிறு முகத்துக்கு நேரே இருக்குமாறு அமர்ந்தால் நமது நிழல் பின்னே விழும்.

மிதவை அசைந்தவுடன் கழியை வானளாவ வீசி இழுத்தல் சிறுவர் இயல்பு. ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவ்வாறு இழுத்து, முள்ளைப் பின்னாலிருந்த தேயிலைச் செடியிலே மாட்டிவிட்டான். “சேர், மீன் கடிச்சதுதானே, ஏன் வரவில்லை?” என்று கேட்டான். எம்முடன் வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை நகைத்து, “தம்பி, மீன் முதலில் ருசி பார்க்கும், பிறகுதான் சாப்பிடும். நீ பந்தியிலே உட்காருமுன் இலையை எடுத்துவிட்டாய்” என்றார். நாம் ஒரு மணி நேரம் விளக்கினும் அதனினும் தெளிவாக விளக்கியிருக்க மாட்டோம். மிதவை துடிக்கும்போது பொறுக்க. அது சாய்ந்து நீருள் இழுபட்டுப் போகும்போது மணிக்கட்டை மட்டும் மேலே உயர்த்துக. அவ்வளவே.

அகப்படும் மீன்களையும் அறிதல் வேண்டும். எளிதிற் கிடைப்பது திலாப்பியா. ஆபிரிக்கா இதன் தாயகம். 1950களின் தொடக்கத்திலே உணவுக்கென இத்தீவுக்குக் கொணரப்பட்டது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் விரைந்து பெருகும். சிறு குளத்திலே மிகப் பெருகினால் எல்லாம் குட்டையாய்ப் போகும். எனவே இதனை வேண்டுமளவும் பிடிக்கலாம். குளத்துக்கும் நன்மை, லயத்து அடுக்களைக்கும் நன்மை. கெளிற்று மீனின் செட்டையிலும் முதுகிலும் முள்ளுண்டு, துணியால் பற்றுக. தேளி என்பது சிங்களத்திலே ஹுங்கா எனப்படும். இதன் முள் நஞ்சுடையது. குத்தினால், பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் கையை அமிழ்த்த வலி தணியும். பின் மருத்துவரிடம் செல்க. விரால் வளியையும் சுவாசிப்பது. அடிக்கடி மேலே வந்து காற்றுண்ணும் சுழிப்பைக் கொண்டு அது இருக்குமிடத்தை அறியலாம். செந்நிறக் குஞ்சுகள் திரளாகச் சுழல, கீழே பெரிய விரால் காவல் நிற்கக் கண்டால், தூண்டிலைச் சுருட்டிக்கொள்க. அக்காவலைப் பிடித்தவன் ஒரு மீனைப் பிடித்தவனல்லன்; அக்கூட்டம் முழுவதையும் அழித்தவன்.

சில மீன்களை அறவே தொடலாகாது. நிழல்படிந்த ஓடைகளிலே செந்நிறம் பூத்தாற்போல் திரியும் சிறு கெண்டை ஒன்று உண்டு. சிங்களத்தில் தித்தெய எனப்படும். தெரணியகல என்னும் அறிஞர் 1929இல் இதற்கு அறிவியற் பெயர் இட்டார். உலகிலே இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தையன்றி வேறெங்கும் இயற்கையாக இது வாழ்வதில்லை. இதனினும் அரிது கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடையிலே காணப்பட்ட பண்டுலக் கெண்டை. 1991இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இம்மீன், வயலோரத்துச் சிற்றோடை ஒன்றையே தன் உலகமாகக் கொண்டிருந்தது. ஒரு போத்தல் நஞ்சை அவ்வோடையில் ஊற்றினால் ஓர் இனமே ஒழியும். வெடியும் நஞ்சும் இட்டு மீன் கொல்லுதலை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தடைசெய்துள்ளது. சட்டம் இல்லாவிடினும் அது செய்யத்தக்கதன்று. விடவேண்டிய மீனை நனைந்த கையாலே பற்றி விடுக. உலர்ந்த கை அதன் மேற்பூச்சை உரித்து நோய்க்கு வழி செய்யும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலே வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீனைக் குளத்தில் விடுதலும் தவறே.

இன்னுமொரு பகை கண்ணுக்குத் தெரியாதது. எலிக்காய்ச்சல் இம்மாவட்டத்திலே வயலிலும் கற்குழியிலும் உழைப்போரைத் தொடர்ந்து வருத்தும் நோய். 2008ஆம் ஆண்டில் இலங்கையிலே ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள கிருமி, தோலின் புண்வழியே உட்புகும். காலிலே புண்ணுள்ளவன் நீரில் இறங்கற்க. குளத்துக்குப் போய்வந்த சில நாட்களிலோ ஓரிரு வாரத்திலோ காய்ச்சலும், கெண்டைக்கால் தசை நோவும், கண் சிவத்தலும் தோன்றினால், கைவைத்தியம் பார்த்திராது வைத்தியசாலைக்குச் செல்க. நீரில் இறங்கியதை மறையாது சொல்க. ஒளித்துப் போன பிள்ளை அதனைச் சொல்ல அஞ்சுவான் என்பதாலேயே, ஒளித்துப் போகும் நிலை வரலாகாது என்கின்றோம்.

“சைவப் பிள்ளைகளுக்குக் கொலைத்தொழில் கற்பிக்கலாமா?” என்று எம்மை வினவியோரும் உளர். அவ்வினா மதிக்கத்தக்கதே. புலால் மறுத்தலே மேலானது என்பதில் எமக்கு ஐயமில்லை. அதனைக் கைக்கொள்ளும் மாணவரைக் கோல் பிடிக்குமாறு நாம் பணிப்பதில்லை. அவர்கள் கரையிலிருந்து நீர்ப்பூண்டையும் பறவையையும் குறித்துக்கொள்வர். வெள்ளியும் விரதநாளும் எங்கள் தூண்டில்கள் சுவரிலேயே தொங்கும். ஆயினும், கொழுந்து பறித்துக் களைத்துவரும் தாய்க்கு மகன் கொணரும் நான்கு மீன், அன்றிரவுச் சோற்றுக்குத் துணையாகும் வீடுகள் இங்கே பல. அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தேவையானதற்கு மேல் பிடியாதே என்று கற்பித்தலும் அறத்தின் பாற்பட்டதே.

சூதைக் கண்டிக்கும் அதிகாரத்தின் முதற் குறளிலே, சூதிலே வென்ற பொருளைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இரத்தினபுரியிலே வாழ்வோர்க்கு அவ்வுவமை நன்கு விளங்கும். ஒரே கல்லிலே குபேரனாகலாம் என்று குழிக்குள் இறங்கியோர் கதைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. குளக்கரையில் அத்தகைய மயக்கம் ஏதுமில்லை. அரைநாள் பொறுத்தால் அரைநாளுக்குரிய மீன். சில நாள் அதுவுமில்லை. அதனைக் கோபமின்றி ஏற்று, கழியைத் துடைத்துச் சாய்த்து, அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கப் பழகிய பிள்ளை, பரீட்சைப் பெறுபேற்றையும் அவ்வாறே எதிர்கொள்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

பெற்றோர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை தூண்டில் கேட்டால் அதட்டாதீர்கள். மூங்கிலை நீங்களே வெட்டிக் கொடுங்கள். முதல்நாள் குளக்கரைக்கு நீங்களே கூடப் போங்கள். எந்த நீர் நல்லது, எந்தக் குழி பொல்லாதது என்று கைகாட்டிச் சொல்லுங்கள். மீன் அகப்படாவிடினும், பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவான்.