ஒரே நாளில் போட்ட 20 படுக்கை... பாதியில் மட்டும் ஏன் காளான் இல்லை?

திருவையாறு பக்கம் ஒரு சின்ன கிராமம். வீட்டுக்குப் பின்னால், மாடு குறைந்தபிறகு காலியாகக் கிடந்த கீற்றுக் கொட்டகையில் சிப்பிக் காளான் வளர்க்கிறார் அந்தப் பெண்மணி. குடும்பத்துக்கு இருப்பது ஐந்து மா நிலம். குறுவையும் சம்பாவும் போட்டாலும், உரக்கடைக் கணக்கைத் தீர்த்ததும் கையில் மிஞ்சுவது சொற்பம்தான். அதனால்தான் மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கி, காளானில் இறங்கினார்.

மாசி மாதம் போட்ட முதல் படுக்கைகள் அவரை ஏமாற்றவில்லை. சம்பா அறுவடை முடிந்து, வெயிலில் காய்ந்த பொன்னிற வைக்கோல். 20-ம் நாளில் கொத்துக் கொத்தாகக் காளான். ஒரு படுக்கைக்கு அரை கிலோவுக்குக் குறையாமல் கிடைத்தது. பக்கத்து ஊர் சமையல் மாஸ்டர் ஒருவர் வாடிக்கையாக வாங்கத் தொடங்கினார். கோடைச் சூடு சிப்பிக் காளானுக்கு ஆகாது என்று சித்திரையில் நிறுத்திவிட்டு, ஐப்பசியில் மறுபடியும் தொடங்கினார்.

சிக்கல் அங்கேதான் வந்தது.

கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. ‘‘நாலு கிலோ காளான் வேணும். உங்களைத்தான் நம்பியிருக்கேன்’’ என்று சொல்லிவிட்டுப் போனார் சமையல் மாஸ்டர். அந்தக் கணக்கில்தான் ஒரே நாளில் 20 படுக்கைகளைப் போட்டார். 12-ம் நாள் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தபோது, சில படுக்கைகள் பஞ்சு சுற்றியதுபோல வெள்ளையாக இருந்தன. சிலவற்றில் மேல் பாதி மட்டும் வெள்ளை, கீழ் பாதி மஞ்சள். நான்கு படுக்கைகளில் பச்சைப் பூசணம். முகூர்த்த நாளில் மொத்தமாக அறுத்தது ஒண்ணே முக்கால் கிலோ. மீதியை மாஸ்டர் தஞ்சாவூர் மார்க்கெட்டில் அலைந்து வாங்கினார்.

அன்று ராத்திரி அவர் கணவர் சொன்னது ஒரு வரிதான். ‘‘குழுத் தவணையைக் கட்டிட்டு இதோட விட்டுடலாம்.’’

மறுநாள் காலையில், காளான் விதை கொடுத்த இளைஞருக்குப் போன் போட்டார். ‘‘பழைய விதையைக் கொடுத்து ஏமாத்திட்டியே தம்பி... என் சொல்லு போச்சு’’ என்று பொரிந்து தள்ளினார். ‘‘எல்லாம் ஒரே நாள்ல தயாரிச்ச விதைக்கா...’’ என்று அந்தத் தம்பி சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

மாமியார் கேட்ட கேள்வி

இரண்டு நாள் கழித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார்தான் பேச்சை எடுத்தார். ‘‘ஏம்மா... வைக்கப்போர்ல மேல் வைக்கலும் அடி வைக்கலும் ஒண்ணா? அடி வைக்கலைப் போட்டா மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். நீ எந்த வைக்கலைப் போட்ட?’’

‘‘எல்லாம் ஒரே கட்டுல பிரிச்சதுதான் அத்தை’’ என்றார் மருமகள். சொல்லிவிட்டாரே தவிர, மனசுக்குள் ஏதோ தட்டியது. எழுந்து போய் நோட்டை எடுத்தார்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, ஒவ்வொரு பையிலும் போட்ட தேதியையும் வரிசை நம்பரையும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆனால், உறியில் தொங்கவிடும்போது நம்பர் பார்க்காமல் கைக்கு வந்த பையை மாட்டிவிட்டார். அதனால், நல்ல படுக்கையும் கெட்ட படுக்கையும் கொட்டகை முழுக்கக் கலந்து கிடந்தன. இப்போது நோட்டில் நம்பர் வாரியாக எழுதினார். 1 முதல் 10 வரை எல்லாமே வெள்ளை. 11-லிருந்து அடிப்பகுதி மஞ்சள். 17, 18, 19, 20... நான்கிலும் பச்சைப் பூசணம்.

ஒரு பாக்கெட் விதை இரண்டு படுக்கைக்கு. ஆக, 10 பாக்கெட். தூக்கிப்போட்ட காலி பாக்கெட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். பத்திலும் ஒரே தேதி. விதைதான் பழசு என்றால், முதல் 10 படுக்கைகளும் சேர்ந்தல்லவா தோற்றிருக்க வேண்டும்?

அப்போதுதான் படுக்கை போட்ட நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்று விடாத தூறல். வேகவைத்த வைக்கோலை மாசி மாதத்தில் செய்ததுபோலப் பரப்பி உலர்த்த முடியவில்லை. தாழ்வாரத்தில் சிமென்ட் தரையில் குவித்து வைத்து, மேலிருந்து அள்ளி அள்ளிப் பையில் அடைத்தார். மேலே இருந்த வைக்கோலின் தண்ணீரெல்லாம் கீழே இறங்கிவிட்டது. முதல் 10 பைக்குப் போனது வடிந்த வைக்கோல். கடைசி 10 பைக்குப் போனது தண்ணீரில் ஊறிய வைக்கோல்.

வைக்கோலும் மாறியிருந்தது. இது குறுவை வைக்கோல். மெஷின் அறுவடை முடிந்து வயலில் கிடந்தபோது மழையில் நனைந்து, அந்த ஈரத்தோடு உருளைக் கட்டாகக் கட்டப்பட்டது. கட்டின் வெளிப்பக்கம் நன்றாக இருந்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே கறுத்து, முடை நாற்றம். வெட்டும் அவசரத்தில் அதையும் சேர்த்தே வெட்டியிருந்தார். ‘ஒரே கட்டு’தான். ஆனால், ஒரே வைக்கோல் இல்லை.

தண்ணீர் எப்படிக் கெடுக்கிறது?

காளான் விதையிலிருந்து கிளம்பும் வெள்ளைப் பூசண இழைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். வைக்கோல் துண்டுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியில்தான் அந்தக் காற்று நிற்கிறது. அங்கே தண்ணீர் புகுந்துவிட்டால், இழை அதற்கு மேல் நகராது. அந்த இடத்தை பாக்டீரியா பிடித்துக்கொள்ளும், வைக்கோல் அழுகும். ஏற்கெனவே கறுத்த வைக்கோலில் வேற்றுப் பூசணங்களின் வித்துகள் ஏராளமாக இருக்கும். வேகவைத்தும் தப்பியவை, காளான் இழை வராத இடத்தில் பச்சையாகப் படர்ந்துவிடும். படுக்கையில் ஈரம் 60 முதல் 65 சதவிகிதம் இருந்தால் போதும். கையில் இறுகப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும்.

கண்டுபிடித்தது சரிதானா என்பதையும் அவர் சோதித்துப் பார்த்தார். அதே தம்பியிடம் வாங்கிய புது விதையில் ஒரு பாக்கெட்டை எடுத்து, சரிபாதியாகப் பிரித்தார். ஒரு பாதி, நன்றாக வடித்த வைக்கோலுக்கு. மறு பாதி, வேண்டுமென்றே குவியலின் அடியில் ஊறவிட்ட வைக்கோலுக்கு. வைக்கோல் ஒரே ரகம், விதை ஒன்று, இடம் ஒன்று, நாள் ஒன்று. தண்ணீர் மட்டும்தான் வேறு. 17-ம் நாள் முதல் படுக்கை முழுக்க வெள்ளை. இரண்டாவதில் மேல் இரண்டு அடுக்கு மட்டும் வெள்ளை, அடியில் அதே மஞ்சள்.

இப்போது செய்வது...

கட்டைப் பிரித்ததும் கறுத்த வைக்கோலை எருக்குழிக்குத் தள்ளிவிடுகிறார். மஞ்சள் வைக்கோலை மட்டும் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்கிறார். பிறகு, கயிற்றுக் கட்டிலில் சுத்தமான வலையை விரித்துப் பரப்புகிறார். தண்ணீர் வலை வழியாகக் கீழே போய்விடும். நடுவில் இரண்டு முறை கிளறிவிடுகிறார். முழுக்க ஆறின பிறகுதான் பையில் அடைக்கிறார். உள்ளே சூடு இருந்தால் விதை வெந்துவிடும். ஒவ்வொரு பைக்கும் அள்ளும் வைக்கோலைப் பிழிந்து பார்ப்பது மாமியாரின் வேலை. மழை நாளில் 20 படுக்கை போடுவதில்லை; வடிக்க முடிந்த அளவுக்கு 8 அல்லது 10 மட்டும்தான்.

அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறார்:

அடியில் மட்டும் வெள்ளை இல்லை என்றால், தண்ணீர் அதிகம்.

நடுவில் திட்டுத் திட்டாக விட்டிருந்தால், வைக்கோலை அழுத்தி அடைக்கவில்லை அல்லது விதையை ஓரம் முழுக்கத் தூவவில்லை.

எல்லாப் படுக்கையும் சேர்ந்து மந்தமாக இருந்தால், அப்போதுதான் விதையின் வயதையும் கொட்டகையின் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். பூசணம் படரும்போது 25 முதல் 28 டிகிரி நல்லது.

பச்சை தெரிந்தால், கொட்டகைக்குள் பையைப் பிரிக்கக் கூடாது. அப்படியே தூரமாக எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிய பிறகுதான் மற்ற படுக்கையைத் தொட வேண்டும்.

காம்பு நீண்டு, குடை சிறுத்தால், காற்று போதவில்லை. மழைக்குப் பயந்து சாக்கு கட்டி அடைத்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும்.

மொட்டு மஞ்சளாகிச் சுருங்கினால், காய்ந்த காற்று அடிக்கிறது அல்லது குட்டி மொட்டு மேல் நேராகத் தண்ணீர் பட்டிருக்கிறது. பூவாளி வேண்டாம், பனிபோலத் தெளிக்க வேண்டும்.

சித்திரை, வைகாசிச் சூட்டில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டாமல், 30 டிகிரிக்கு மேலும் வளரும் பால் காளான் போடலாம் என்பது அவருடைய அடுத்த யோசனை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ம் ஆண்டு வெளியிட்ட ஏ.பி.கே.2 என்ற பால் காளான் ரகம் இருக்கிறது. அதற்கு மேல்மண் போட வேண்டும் என்பதால், முதலில் முறையாகக் கற்றுக்கொள்ள நினைக்கிறார். டெல்டாவில் இருப்பவர்கள் நீடாமங்கலம், சிக்கல் ஆகிய ஊர்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் நேரில் விசாரிக்கலாம். கெட்டுப்போன படுக்கையிலிருந்து ஒரு பையை இறுகக் கட்டி எடுத்துப் போனால், பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

சோதனைப் படுக்கையை அறுத்த அன்றே, விதை கொடுத்த தம்பிக்குப் போன் போட்டார். ‘‘உன் மேல தப்பு இல்லைப்பா. என் வைக்கோல்லதான் தப்பு. அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்... மனசுல வெச்சுக்காதே’’ என்றார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, ‘‘விடுங்கக்கா... என்கிட்ட விதை வாங்குறவங்க பாதிப் பேரு இதைத்தான் சொல்லித் திட்டுறாங்க. நீங்க வைக்கோலைப் பிழிஞ்சு பாத்ததை அவங்ககிட்டயும் சொல்லிடவா?’’ என்று கேட்டார்.

‘‘தாராளமா சொல்லு. பையில நம்பர் போடவும் சொல்லு’’ என்றார் அவர்.

தை முகூர்த்தத்துக்கு மூன்று கிலோ கேட்டிருக்கிறார் சமையல் மாஸ்டர். இந்த முறை வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், கொட்டகைக்குள் போய் எத்தனை படுக்கை அடிவரை வெளுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ‘சரி’ சொன்னார். குழுத் தவணையும் நிற்கவில்லை. ‘விட்டுடலாம்’ என்ற கணவர்தான் இப்போது வைக்கோல் கட்டு வாங்கும்போது, ஒரு கட்டையாவது பிரித்து உள்ளே பார்க்காமல் காசைக் கொடுப்பதில்லை.