பார்க்காமலே எழுதியவை

ஆபரா பற்றிப் பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். அதில் பெரும்பகுதியை, ஒன்றைக்கூட மேடையில் பார்க்காமலே எழுதினேன். இசைத்தட்டில் கேட்டதை வைத்துக்கொண்டு, காட்சியமைப்பு வெறும் ஒப்பனை, இசைதான் எல்லாம் என்று தீர்ப்புச் சொன்னேன். நான் பார்த்ததில்லை என்பதை வாசகரிடம் சொல்லவே இல்லை. தெரியாமல் எழுதியதைவிட, அதை மறைத்தது பெரிய குற்றம்.

அதிலும் இசையமைப்பாளர் வாக்னரைப் பற்றி அப்படி எழுதினேன்! இசை, கவிதை, நடிப்பு, மேடை எல்லாம் ஒரே கலையாகச் சேர வேண்டும் என்று 1849 முதல் கட்டுரைகளில் வாதாடியவர் அவர். தன் ஆபராக்களின் பாடல்வரிகளையும் அவரே எழுதினார். பைராய்ட் நகரில் 1876இல் திறந்த அரங்கில், வாத்தியக் குழுவை மேடைக்கு அடியில் செல்லும் பள்ளத்தில் இறக்கி, மேலே மறைப்பும் போட்டார். இருட்டிய அரங்கில் பார்வையாளரின் கண் மேடையைவிட்டு விலகக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். படித்துக் குறிப்பெடுத்தும் வைத்திருந்தேன்.

அவருடைய ‘டி வால்க்யூரே’ ஆபராவின் முதல் அங்கம் இழுவை என்று எழுதியவன் நான். பிறகு அதை மேடையில் பார்த்தேன். நாயகன் சீக்முண்ட் பகைவனின் வீட்டில் ஆயுதமில்லாமல் தனித்திருக்கிறான். அடுப்புத் தீ சரிகிறது; அதன் வெளிச்சம் மரத்தில் பாய்ந்திருக்கும் வாளின் கைப்பிடியில் விழுகிறது. டிரம்பெட்டில் ஒரு சிறு இசைத்தொடர் எழுகிறது. இதற்கு முன்கதையான ஆபராவின் முடிவில் வந்த அதே தொடர். அங்கே என்ன மின்னுகிறது என்று அவன் கேட்கிறான்; அது வாள் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நமக்குத் தெரிந்துவிடுகிறது. எத்தனையோ முறை கேட்ட இடம். வெறும் காதுக்கு அது, திரும்பத் திரும்ப வரும் ஒரு டிரம்பெட் ஒலியாகவே இருந்தது.

அதன் பிறகாவது திருத்தியிருக்க வேண்டும். கட்டுரைகள் தொகுப்பாக வந்தபோது வாய்ப்பும் இருந்தது. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, ஒரு வரியையும் மாற்றாமல் விட்டேன்.

அதைவிட உறுத்துவது ஒரு கடிதம். நாடகங்களுக்கு விளக்கமைத்துவந்த ஓர் இளைஞர், ஆபராவின் ஒளியமைப்பைப் படிக்கலாமா என்று கேட்டிருந்தார். அங்கே விளக்குக்குப் பெரிய வேலை கிடையாது, இசையைக் கேளுங்கள் என்று பதில் போட்டேன். அவர் மறுபடி எழுதவில்லை. அவருக்கு நான் எழுதியிருக்க வேண்டியது வேறு: வாள் பிடியில் விழும் அந்த வெளிச்சம் கொஞ்சம் பிந்தினாலும், டிரம்பெட் எதைச் சொல்கிறது என்று அரங்கில் பலருக்குப் பிடிபடாமல் போய்விடும்.