வண்டி எவ்வளவு கொடுக்கும்?

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகும்போதெல்லாம் கிளியனூரில் ஒரு டீக்கு நிறுத்துவது என் வழக்கம். சமீபத்தில் அப்படி நிறுத்தியபோது கடைக்காரர் டம்ளரை நீட்டியபடி, ''சார், சின்னவனுக்கு பாண்டியில வேலை கெடைச்சிருக்கு. பைக் வாங்கணும். எது நல்ல வண்டி?'' என்றார்.

பழக்கதோஷத்தில் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று ஆரம்பித்தேன்.

''அது கெடக்கட்டும் சார். இதுல எது பத்திரமான வண்டி, அத சொல்லுங்க'' என்று மூன்று நோட்டீஸ்களை பெஞ்சில் பரப்பினார்.

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். மூத்தவன் இதே நாலுவழிச் சாலையில், குறுக்கே வந்த ஆட்டுக்காக பிரேக் பிடித்து, சறுக்கி விழுந்தவன். ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தான். கால்தான் சரியாகவில்லை. கல்லாவில் உட்கார்ந்து எனக்குச் சில்லறை கொடுத்ததே அவன்தான்.

நோட்டீஸ்களைப் புரட்டினேன். மைலேஜ், கலர், மாதத் தவணை, போன் சார்ஜ் போடும் வசதி எல்லாம் இருந்தன. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

வெளியே நின்ற என் காருக்கு பதில் உண்டு. 2014-ல் 'குளோபல் என்கேப்' அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம்! பெரிய பரபரப்பு. 2018-ல் டாடா நெக்ஸான் ஐந்து ஸ்டார் வாங்கியது. அதன்பிறகு ஸ்டாரே விளம்பரமாகிவிட்டது. 2023-ல் 'பாரத் என்கேப்' என்று நம் அரசாங்கமே கார்களுக்கு ஸ்டார் போட ஆரம்பித்தது.

''ஸ்டாரா? அது ஓட்டலுக்குத்தான சார் குடுப்பாங்க?'' என்றார் கடைக்காரர்.

காருக்கும் உண்டு, பைக்குக்குத்தான் இல்லை என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் டூவீலரில் போனவர்கள்.

பைக்கைச் சுவரில் மோதவிட்டு மார்க் போடுவது கஷ்டம்தான். ஆள் வண்டிக்குள்ளே இல்லை, மேலே இருக்கிறான், தூக்கி எறியப்படுவான். ஆனால் ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கிறது, டயர் பிடிமானம் எப்படி, ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதையெல்லாம் அளக்கலாமே. பிரிட்டனில் பல வருஷங்களுக்கு முன்பே ஹெல்மெட்டுகளை இடித்துப் பார்த்து ஒன்று முதல் ஐந்து ஸ்டார் வரை கொடுத்தார்கள். எல்லாமே சட்டப்படி விற்கத் தகுதியானவைதான். ஆனாலும் விலை கூடியதில் சில குறைந்த ஸ்டார் வாங்கின. மலிவானதில் சில ஐந்து வாங்கின. பார்த்து வாங்க ஜனங்களுக்கு ஒரு வழி கிடைத்தது.

கடைசியில் அவருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அழுத்தி பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் இறுகிவிடும், வண்டி சறுக்கும். ஏபிஎஸ் இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரத்தை உருளவைக்கும். 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குக் கீழே, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்றார்கள். கிராமத்துச் சாலையில் ஓடுவதோ பெரும்பாலும் 100, 110 சிசி. எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் வேண்டும் என்று மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது 2025-ல்தான்.

''ஏபிஎஸ்ஸு...'' என்று நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது கடை வாசலில் புது வண்டி, மஞ்சள் குங்குமத்தோடு. மூன்று ஷோரூமிலும் ஒரே கேள்விதான் கேட்டாராம்: ''மணல்ல பிரேக் புடிச்சா சறுக்குமா?'' இரண்டு இடத்தில், 'மைலேஜ் சூப்பர் சார்' என்றார்களாம். மூன்றாவது இடத்துப் பையன் ஓட்டிக்காட்டினானாம்.

''வெல கொஞ்சம் ஜாஸ்தி. தவணை ஆறு மாசம் நீளுது. பரவால்ல சார்'' என்றார்.

டீக்குக் காசு கொடுத்தேன். மூத்தவன் சிரித்துக்கொண்டே, ''இன்னும் ரெண்டு ரூவா சார். அப்பா வெலைய ஏத்திட்டாரு'' என்றான்.