மாடி வீட்டு ராட்வீலர்

சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் 2024 மே மாதம் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுப் பெண் குழந்தையைக் குதறிய செய்தியைப் படித்ததிலிருந்து மாடிப்படி ஏறவே எனக்குப் பயம். மேல் வீட்டில் வளர்வதும் அதே ஜாதி ஆயிற்றே! அந்த மார்ச்சில்தான் 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

"அது குழந்தை மாதிரிக்கா, ஒண்ணும் செய்யாது" என்கிறாள் மேல் வீட்டுப் பெண். இருக்கலாம். தெருநாயும்தான் கடிக்கிறது. ஆனால் அந்தத் தாடை கவ்வினால் என் கடைக்குட்டி தாங்குவானா? வாய்மூடி போட்டு, சங்கிலியைப் பெரியவர்கள் பிடித்துக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், போகட்டும்.

எந்த நாய் கடித்தாலும் மஞ்சள், சுண்ணாம்பு அப்பாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். எல்லாத் தவணையும் போட்டாக வேண்டும்.