78 வருஷம் காத்திருந்த ஆட்டம்

ஹாக்கி என்றதும் நமக்கு மைதானமும் பந்தும்தான் ஞாபகம் வரும். கனடாவில் ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் ஆடுவது. ஷூவுக்கு அடியில் கத்தி மாதிரி தகடு இருக்கும். பந்துக்குப் பதிலா தட்டையான ஒரு கறுப்பு ரப்பர் வில்லை.

இதில் பேர் வாங்கியவர் விக்கி சுனோஹாரா. 1970-ல் கனடாவில் பிறந்தார். அப்பா ஜப்பானிய வம்சம். மகளுக்குப் பனியில் சறுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விக்கிக்கு ஏழு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். ஆனாலும் விக்கி ஆட்டத்தை விடவில்லை.

ஒலிம்பிக்கில் ஆண்கள் 1920-லேயே பனி ஹாக்கி ஆடிவிட்டார்கள். பெண்களுக்கு 1998-ல்தான் இடம் கிடைத்தது. 78 வருஷம்! அப்போது விக்கிக்கு வயசு 27. போட்டி நடந்தது ஜப்பானில், நாகானோ நகரத்தில். கனடாவுக்கு முதல் ஆட்டமே ஜப்பானோடுதான். அப்பாவின் பூர்வீக நாட்டை எதிர்த்து ஆடும்போது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! கனடா 13-0 என்று ஜெயித்தது. ஆனால் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 3-1 என்று தோற்று, வெள்ளிதான் கிடைத்தது. 2002-ல் அதே அமெரிக்காவை 3-2 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். 2006-ல் மறுபடியும் தங்கம்!

2011-ல் டொராண்டோ பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் கற்றுக்கொண்ட பெண்களுக்கு ஒலிம்பிக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. திறந்தவர்களில் ஒருத்தரே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தோழிகளே, நமக்கு இன்னும் இடம் தரவில்லையே என்று ஆடாமல் இருந்துவிடக் கூடாது. இடம் கிடைக்கிற அன்றைக்கு நாம் தயாரா இருக்கணும்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி