ஆத்துல தண்ணி வந்துருச்சா?

பெங்களூரில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரித் தண்ணீர்தான். நூறு கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். தெரிந்த நாளிலிருந்து குழாயைத் திறக்கும்போதெல்லாம் திருச்சி ஞாபகம்தான். அங்கே ஒன்பது வருஷம் இதே ஆற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வாடகை வீடு. கோயிலின் மதில்களுக்குள்ளேயே தெருக்கள், தெருக்களுக்குள்ளேயே எங்கள் சமையலறை. காய்கறி வாங்கப் போனாலும் ஒரு கோபுரத்தின் அடியில்தான் நுழைந்து வர வேண்டும். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற ராஜகோபுரத்தை 13 நிலை, 236 அடியாக எழுப்பி 1987இல் குடமுழுக்கு செய்தார்கள். வயதில் அதைவிட நான் மூத்தவள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் திருச்சி என்றதும் முதலில் நெஞ்சில் வருவது மலைக்கோட்டை. மேலே உச்சிப் பிள்ளையார், நடுவில் தாயுமானவர், அடியில் மாணிக்க விநாயகர். நானூற்றுச் சொச்சம் படி. மேலே நின்றால் வடக்கே காவிரி, அதைத் தாண்டித் தென்னைகளுக்கு நடுவே ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். தெற்கே திரும்பினால், ரயில்வே பணிமனைக்குப் பெயர் கொடுத்த பொன்மலை. ஊரில் எங்கே வழி தவறினாலும் நிமிர்ந்து மலையைப் பார்த்தால் போதும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இங்கே தெருமுனையில் நின்று கைப்பேசியைப் பார்க்கிறேன். நிமிர்ந்து பார்க்க ஒன்றும் இல்லாத ஊரில் திசை பழகவே மாட்டேன் என்கிறது.

பெரிய கடை வீதி, காந்தி மார்க்கெட், சத்திரம் பேருந்து நிலையத்தின் இரைச்சல், இவையெல்லாம் எந்த ஊரிலும் ஏதோ ஒரு வடிவில் கிடைத்துவிடும். கிடைக்காதது ஒரு கேள்வி. ஜூன் மாதம் பிறந்தால் பால்காரர், பூக்கார அம்மா, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், எல்லோரும் கேட்பார்கள்: "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" அணையில் இருப்பு இருந்தால் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள். மூன்று நாளில் முக்கொம்பு. அங்கேதான் ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிந்து ஸ்ரீரங்கத்தை நடுவில் வைத்துக்கொள்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில், 1830களில், ஆர்தர் காட்டன் அந்த இடத்தில்தான் மேலணை கட்டினார்.

கோடை முழுக்க மணலாகக் கிடந்த ஆற்றில் முதல் தண்ணீர் ஓடி வராது, ஊர்ந்து வரும். சருகும் நுரையும் முன்னால், கலங்கிய நீர் பின்னால். மாம்பழச்சாலைப் பக்கம் பாலத்தின் மேல் ஜனங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். நானும் என் மகளைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். அன்று சாயங்காலம் பாலத்தில் அடித்த ஈரக் காற்றுக்கு ஈடாக இங்கே எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. காதோலை, கருகமணி, காப்பரிசி, மஞ்சள் கயிறு. முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என்னைத் திருப்பி நிறுத்திக் கழுத்தில் கயிறு கட்டிவிட்டுப் போனாள். ஆடியில் ஒரு நாள் ரங்கநாதரே படித்துறைக்கு எழுந்தருளி, தங்கைக்குக் கொடுப்பதுபோல் காவிரிக்குச் சீர் கொடுப்பார். புடவையும் மாலையும் யானை மேல் வந்து ஆற்றில் இறங்கும். ஆற்றைப் பிறந்த வீட்டுப் பெண்ணாக வைத்திருக்கிற ஊர் அது. வாடகைக்கு வந்தவளையும் அப்படித்தான் வைத்திருந்தது.

போன வருஷம் ஜூனில் வீட்டுக்கார மாமிக்குப் போன் போட்டேன்.

"தண்ணி வந்துருச்சா மாமி?"

"நேத்து ராத்திரியே வந்துடுத்து. நீ எப்ப வர்றே?"

இந்த ஆடிக்கு மயிலாடுதுறை வண்டியில் டிக்கெட் எடுத்துவிட்டேன். கரூர் தாண்டினால் இடது பக்கம் ஆறு கூடவே வரும். விடியும் முன், கோட்டை ஸ்டேஷன் நெருங்கும்போது, இருட்டில் உயரத்தில் மலைக்கோட்டை விளக்கு தெரியும். மகளை எழுப்பி ஜன்னலோரம் உட்கார வைக்க வேண்டும்.