வெறுவெளியும் ஒளியும்

இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதம். கலைப்பீட மாணவர் மெய்யியற் பாடத்திற் படிக்கும் இதனைக் கொட்டாஞ்சேனைக் கோயில் மண்டபச் சொற்பொழிவுகளிலும் கேட்கலாம். இதற்கு மாறானதுபோலத் தோன்றும் கூற்றொன்று பௌதிகவியலில் உண்டு. போதிய வலிமையுள்ள மின்புலத்தில் வெறுவெளியிலிருந்தே இலத்திரனும் அதன் எதிர்த்துணிக்கையாகிய பொசித்திரனும் சோடியாகத் தோன்றும் என்பது அக்கூற்று. 1931இல் சவுட்டர் தொடங்கிய ஆய்வை 1951இல் சுவிங்கர் முழுமையாக்கினார். காற்றில் மின்பொறி பாய மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்றுப் போதும், இதற்கோ 1.3 × 10¹⁸ வோல்ற்று வேண்டும்.

எந்த இலேசரும் அவ்வெல்லையைத் தொட்டதில்லை. எனினும் ஒரு வழி உண்டு. வெள்ளவத்தைக் கடலோரப் புகையிரதத்தில் இருப்பவருக்கு எதிரே வரும் வண்டியின் ஊதல் சுருதி உயர்ந்து கேட்கும். ஒளியை எதிர்கொண்டு ஓடும் இலத்திரனுக்கும் அலை நெருங்குகிறது. அத்துடன் மின்புலமும் பெருகுகிறது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் முடுக்கியில் 4,660 கோடி இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுடன் ஓடிய இலத்திரனுக்கு அப்பெருக்கம் ஏறத்தாழ 1,80,000 மடங்கு. எதிரே பச்சை இலேசர் ஒளி. ஏறக்குறைய 22,000 மோதல்கள் நிகழ்ந்தன. பின்னணியைக் கழித்தபின் எஞ்சிய பொசித்திரன்கள் 106. இம்முடிவு 1997இல் வெளியாயிற்று.

‘எம்மவர் அன்றே கண்டனர்’ என்றோ, ‘சித்தாந்தம் பொய்த்தது’ என்றோ எழுத இங்கே பேனா துடிக்கும். இரண்டும் அவசரம். அங்கே சூனியத்திலிருந்து எதுவும் பிறக்கவில்லை. இலத்திரன் மோதிச் சிதறடித்த உயர்சக்திக் காமாக் கதிர் இலேசரின் ஒளித்துணிக்கைகள் பலவற்றைச் சந்தித்தது. ஒளியின் சக்தியே சடப்பொருளாயிற்று. சுவிங்கர் கூறியதிலும் சக்தியைத் தருவது புலமே. ஆதலாற் சற்காரியவாதி கலங்க வேண்டியதில்லை; அவர் வெற்றி கொண்டாடவும் இடமில்லை. மாயையிலிருந்து உலகம் விரிவதைப் பேசும் கொள்கை, எத்தனை பொசித்திரன் தோன்றும் என்று கணித்துச் சொன்னதில்லை.

அந்த எண்ணிலேதான் விடயம் இருக்கிறது. ஸ்ரான்போட்டிலே பொசித்திரன்களின் தொகை இலேசர்ச் செறிவின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்காக உயர்ந்தது. பல ஒளித்துணிக்கைகள் ஒன்றுசேர்ந்தமைக்கு அது சான்று. புலம் மேலும் வலுத்தால் அவ்விதி முறிந்து, வெறுவெளி தானே பிளவுறும் போக்கு வெளிப்பட வேண்டும். ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் 1,650 கோடி இலத்திரன்வோல்ற்றுக் கற்றையைக் கொண்டு திட்டமிடப்பட்ட ‘லக்ஸ்’ பரிசோதனை தேடுவது அந்த முறிவையே.